காட்டிக்கொடுத்த செடி

அக்கா போனபோது துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே மாதிரிதான் பேசினார்கள். தங்கமான மனசு. யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு வந்தவர்களோடு வாதாட முடியாது.

உண்மை வேறு. என் அக்கா எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டவள். ஒரு மனிதரைக் கவிழ்ப்பதற்காக அவர் கீழேயே வேலைக்குச் சேர்ந்து, அவருக்குத் தினமும் வணக்கம் சொல்லி, அவருடைய சப்பையான ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்து, வருடக்கணக்கில் காத்திருந்தவள். அவளைத் தங்கம் என்று சொல்லி அனுப்பிவைப்பது அவளை யாரும் சரியாகப் பார்க்கவே இல்லை என்பதுபோல இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அவள் வேலை பார்த்த இடத்தை எல்லாரும் கண்ணாடி வீடு என்பார்கள். ஊரின் ஓரத்தில், கடைசிப் பஸ் நிறுத்தத்துக்கும் தாண்டி, ஒரு மருந்துக் கம்பெனியின் மதிலுக்குள் இருந்தது. வெறிநாய் கடித்தவர்களுக்குக் காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்து அங்கே தயாரானது. நாய்க்கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. ஊசி உடம்பைத் தயார்ப்படுத்துவதற்குள் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறிவிடலாம். அதைக் காயத்திலேயே மடக்கிப் பிடிக்க, முன்பே செய்துவைத்த ஆன்டிபாடி வேண்டும். மற்ற இடங்களில் அதைக் குதிரையின் ரத்தத்திலிருந்தோ மனித ரத்தத்திலிருந்தோ எடுப்பார்கள். இங்கே இலையிலிருந்து எடுத்தார்கள்.

இலை என்றால் ஏதோ மூலிகை அல்ல. புகையிலைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று அக்கா அந்தச் செடியை அறிமுகப்படுத்துவாள். முழங்கால் உயரம்கூட வராது. மெத்தென்ற இலை. செடிகள் தாம் செய்யும் புரதத்தின்மேல் ஒட்டும் ஒரு வகைச் சர்க்கரை மனித உடம்புக்கு ஒத்துவராது என்பதால், அதை ஒட்டத் தெரியாதபடி மரபணுவை மாற்றி எடுத்த விதை அது. செடி பருவத்துக்கு வந்ததும் தட்டோடு தலைகீழாகக் கவிழ்த்து ஒரு பெரிய தொட்டிக்குள் இறக்குவார்கள். தொட்டி நீரில் ஒரு பாக்டீரியா இருக்கும். ஆன்டிபாடியை எப்படிச் செய்வது என்கிற மரபணுச் செய்தியை அது சுமந்துகொண்டிருக்கும். மூடியை இறுக்கிக் காற்றை உறிஞ்சுவார்கள். இலைக்குள் இருக்கும் காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியே வந்துவிடும். பிறகு சட்டென்று காற்றைத் திறந்துவிட்டால், காலியான இடத்துக்குள் அந்த நீர் பாய்ந்துவிடும். வெளியே எடுக்கும்போது செடி நனைந்த துணி மாதிரித் தொங்கும். ஒரு வாரம் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்தால் இலை முழுக்க மருந்து. அறுத்து, அரைத்து, வடித்து, சுத்தம் செய்து குப்பிகளில் அடைப்பார்கள்.

தொட்டியை ஓட்டியவருக்குத் தலைகீழ் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போன் செய்தால் அவர் மனைவியே, "தலைகீழ் குளிச்சிட்டிருக்காரு, அப்புறமா பண்ணுங்க" என்று சொல்வாராம்.

அந்தச் செடிக்கு ஒரு குறை உண்டு. எதையும் எதிர்க்கத் தெரியாது. வெளியிலிருந்து வருகிற மரபணுவை அது மறுக்காமல் ஏற்றுக்கொள்வதும் அதனால்தான், வருகிற நோயையெல்லாம் வாங்கிக்கொள்வதும் அதனால்தான். புகையிலையைத் தாக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது. புகையிலையைப் பறித்து, உலர்த்தி, நறுக்கி, சுருட்டிப் பெட்டிக்குள் போட்ட பிறகும் அது சாகாது. சிகரெட்டைப் பிடித்த விரல் இலையைத் தொட்டால் போதும். குருத்து சுருங்கிக் கருகும். அறுக்கிற கத்தரியில் ஏறி வரிசை வரிசையாகப் போகும். ஒருவர் ரகசியமாக இழுத்த ஒரு சிகரெட்டுக்கு ஒரு பயிரே போய்விடும்.

ஆகவே கண்ணாடி வீட்டில் புகைப்பவர்களுக்கு வேலை கிடையாது. மற்றவர்களும் சோப்புப் போட்டுக் கை கழுவி, வாசலில் வைத்திருக்கும் கொழுப்பு நீக்கிய பால்மாவு கரைத்த நீரில் மணிக்கட்டு வரை முக்கி, ஈரத்தோடு கையுறை மாட்டித்தான் உள்ளே போக வேண்டும். பால் வைரஸை இலையில் ஒட்டவிடாது. புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் முதல் நாள் ஒரே கேள்வியைக் கேட்பார்கள், "சர்க்கரை எங்க?" என்று. தலைகீழ் ஒவ்வொரு தடவையும் அதற்குப் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்.

அக்காவுக்கு முன்பு அங்கே வேலை பார்த்தவர் அக்காவின் கணவர், என் அத்தான். இலை அறுக்கும் பிரிவில் இருந்தார். கல்லூரிக் காலத்தில் சிகரெட் பிடித்தவர், கல்யாணத்துக்கு முன்பே விட்டுவிட்டார். வேலைக்கு எடுக்கும்போது "எப்பவாவது புகைபிடித்ததுண்டா?" என்று கேட்டார்கள். உண்டு, விட்டுவிட்டேன் என்று உண்மையைச் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் இல்லை என்றார்கள்.

மேலாளருக்குக் கிராம்பு என்று பெயர். எந்த நேரமும் கடைவாயில் ஒரு கிராம்பு இருக்கும். பல்வலி என்பார். அந்தப் பல்லை ஏன் இன்னும் பிடுங்காமல் வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. செடி விஷயத்தில் அவருக்குப் பெரிய பேர் இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லக் கிள்ளுவார். கண்ணை மூடிக்கொள்வார். "நாளைக்குக் கவிழ்த்துடலாம்" என்பார், இல்லாவிட்டால் "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கையுறை போட்டவன் கைக்கு இலை பேசாது என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். விதியை எழுதியவரே அவர்தான் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு பயிர் முழுதாகக் கருகியது. யார் கொண்டுவந்த நோய் என்று கேட்டபோது கிராம்பு ஒரு மூடிய அறையில் அத்தானைக் கை காட்டினார். இவர் பக்கத்தில் நின்றால் வாசனை வருகிறது என்றார். அந்த வாசனை வேறு யாருக்கும் வந்ததில்லை. ஆனால் முன்பு பிடித்தவன் என்று அத்தானே சொல்லியிருந்தாரே, அதற்குமேல் என்ன வேண்டும்? அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

அறை மூடியிருந்தது, பேச்சு மூடவில்லை. மருந்தைக் கெடுத்தவன் என்கிற பேர் அத்தானுக்கு முன்னால் போய் எல்லா இடத்திலும் உட்கார்ந்துகொண்டது. நாற்றுப் பண்ணைகள், விதைக் கம்பெனிகள், ஆய்வுக்கூடங்கள், எங்கேயும் சேர்க்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து எங்கள் தெருவில் ஒரு பிள்ளையை நாய் கடித்துவிட்டது. மருந்துக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கடைசியில் எங்கிருந்தோ வாங்கிப் போட்டுப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் அப்பா ஒருநாள் வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றார். திட்டவில்லை. அத்தானைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அத்தான் ஒரு சிமெண்ட் கிடங்கில் மூட்டைகளுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். தினமும் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு உள்ளங்கைகளையும் அக்காவிடம் நீட்டுவார், மோந்து பார் என்று. அக்கா தட்டிவிடுவாள்.

"நான் என்ன போலீஸ் நாயா? போய்க் காலைக் கழுவுங்க."

ஒருநாள் கூட அவள் மோந்து பார்த்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. ஒருநாள் அத்தான் கிடங்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

சடங்குகள் எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாள். பயிர் கருகுவதற்கு முன்னால், கிராம்பு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலிருந்து புகை வாசனையோடு வந்து, வாயில் கிராம்பைப் போட்டுக்கொண்டு, நேராகப் போய் வெறுங்கையால் இலையைக் கிள்ளியதை அத்தான் பார்த்திருக்கிறார். விசாரணையில் அதைச் சொல்லவில்லை. பெரிய மனிதர், சொன்னால் யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டார். மனைவியிடம் மட்டும் சொன்னார்.

அக்கா தாவரவியல் படித்தவள். டியூஷன் சென்டர் ஒன்றில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டுக் கண்ணாடி வீட்டில் நாற்றுப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்கென்ன பைத்தியமா? போயும் போயும் அங்கயா?"

"அங்கதான தம்பி அந்த ஆள் இருக்கான்."

அவ்வளவுதான் சொன்னாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபத்தில் சொன்னது என்று விட்டிருப்பேன். அக்கா அதைச் சொல்லும்போது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

நேர்காணல் செய்தவர் கிராம்புவே. அவளை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வேலை கொடுக்காமல் விட்டிருந்தால்கூட அவள் கோபம் கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னவோ. தான் அழித்த மனிதனுக்கு மனைவி என்று ஒருத்தி இருப்பாள் என்பதே அவர் நினைப்பில் இல்லை. அதுதான் அவளை எரித்தது.

வருடங்கள் போயின. அவள் நாற்றுப் பிரிவின் பொறுப்பாளர் ஆனாள். உங்களைப் போல நாலு பேர் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்று கிராம்பு அவளிடம் சொன்னாராம். அதை எங்களிடம் சொல்லும்போது அக்கா, "தூங்கட்டும் தூங்கட்டும்" என்றாள். அவள் சமையலில் கிராம்பு நின்றுபோனது. மசாலாப் பொடி வாங்கினால்கூடப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கடைக்காரர் அவளுக்கு ஏதோ அலர்ஜி என்று நினைத்துக்கொண்டார். அதுவும் தப்பில்லை.

அவர் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய் வருவது அவளுக்குத் தெரியும். வாசனையும் தெரியும். கிராம்பு மணம் தூக்கலாக இருந்தால் இப்போதுதான் பிடித்துவிட்டு வருகிறார் என்று அர்த்தம். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? மேலாளர்மேல் வாசனை வருகிறது என்றா? வாசனையை வைத்து ஒருவரை அனுப்ப வேண்டுமென்றால் அதற்கு மேலாளராக இருக்க வேண்டும். அவர் கையில் நோய் இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. பால் தொட்டியில் ஒப்புக்கு விரலை நனைத்துக்கொள்ளவும் செய்வார். அத்தானுக்குப் பிறகு பயிர் எதுவும் கருகவில்லை. அதிர்ஷ்டம் அந்த ஆள் பக்கம் நின்றது.

பிறகு தரக் கட்டுப்பாட்டுக்கு ஒரு புது அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண். எதையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்ப்பார் என்பதால் வந்த வாரமே பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேலாளருக்குக் கட்டுப்படாதவர், நேராகக் கம்பெனிக்குப் பதில் சொல்பவர். அவர் வரும்போது ஒரு விதையைக் கொண்டுவந்தார்.

பார்ப்பதற்கு அதே செடிதான். அதே உயரம், அதே மெத்தென்ற இலை. ஆனால் புகையிலை வைரஸை அடையாளம் காணும் மரபணுவை வேறொரு சொந்தக்காரச் செடியிலிருந்து எடுத்து இதற்குள் வைத்திருந்தார்கள். வைரஸ் இலையைத் தொட்டதும், இந்தச் செடி அந்த இடத்தை மட்டும் தானே சாகடித்துவிடும். நோய் மேலே பரவாது. தொட்ட இடத்தில் பழுப்புப் புள்ளிகள் மட்டும் நிற்கும். கூட்டத்தோடு கூட்டமாக இதையும் வைத்தால், யார் கை சுத்தமில்லை என்பதை இலையே சொல்லிவிடும். முதலில் நாற்றுத் தட்டுகள் வைக்கும் ஒரு மேடையளவு வளர்த்துப் பார்க்கும்படி பூதக்கண்ணாடி அக்காவிடம் கொடுத்தார். சோதனை என்பதால் யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்.

"நான் எதுக்கு மேடம் சொல்லப்போறேன்" என்றாள் அக்கா.

அந்த மேடையை எங்கே போடுவது என்பது அவள் முடிவு. நாற்றுப் பிரிவிலிருந்து பெரிய பயிர் இருக்கும் கூடத்துக்குப் போகும் வழியில் போட்டாள். மேலாளர் தினமும் கடந்துபோகும் வழி அது. அந்தச் செடிகளை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி எதையும் பார்த்துக்கொண்டதில்லை என்று தலைகீழ் சொன்னார். வீட்டில் பிள்ளை இல்லாத குறையை இப்படித் தீர்த்துக்கொள்கிறாள் என்று அவர் பாவம் பார்த்தாராம்.

இரண்டு மூன்று தடவை கிராம்பு கையுறையோடு வந்தார், தொடாமல் போனார். ஒரு தடவை தொட்டார், புள்ளி வரவில்லை. அக்கா அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம், கூடத்தில் அவளைத் தவிர ஆளில்லை. கிராம்பு மணம் ஆளுக்கு முன்னால் வந்தது. அவர் வாசல் பால் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையுறையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அவளுடைய மேடையையும் தாண்டி, நேராகப் பெரிய பயிரை நோக்கி நடந்தார். இன்னும் சில நாளில் கவிழ்க்கப்போகிற பயிர். கூடம் நிறைய, மருந்தாகப் போகிற இலை.

அவர் அங்கே கிள்ளினால் பயிர் போகும். அவரும் போவார். ஒரு நொடி அவளுக்கு அது இனித்தது. இதை அவளே என்னிடம் சொன்னாள். அப்புறம்தான் குரல் வந்ததாம்.

"சார், ஒரு நிமிஷம்."

"என்னம்மா, அவசரம். எப்பக் கவிழ்க்கலாம்னு பாக்கணும்."

"இந்த மேடைதான் சார் எனக்குப் புரிபடவே இல்ல. முத்தின மாதிரியும் இருக்கு, முத்தாத மாதிரியும் இருக்கு. உங்க கை பட்டாதான் தெரியும்."

"என்னை விட்டா இங்க ஆளே இல்லையா?"

"எங்க சார் இருக்காங்க? நாங்கல்லாம் கண்ணால பாக்கறவங்க."

அவள் வாழ்க்கையில் பேசியதிலேயே கஷ்டமான வார்த்தைகள் அவைதான் என்று சொன்னாள். அத்தான் இறந்த அன்று பேசியதைவிட. கிராம்புவுக்கு முகம் மலர்ந்தது. வந்தார். ஒரு இலை, இன்னொரு இலை, அடுத்த தட்டில் ஒன்று. பிசைந்தமாதிரி நன்றாகக் கிள்ளினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்றார்.

"சரி சார். போகட்டும்" என்றாள் அக்கா.

அவர் மறுபடியும் பெரிய பயிர்ப் பக்கம் திரும்பினார். பூதக்கண்ணாடி அம்மா உங்களைத் தேடினார், ஏதோ கோபமாக இருந்தார் என்று ஒரு பொய்யைச் சொல்லி அவரை வெளியே அனுப்பினாள். அவர் போன பிறகு தன் கையுறையைக் கழற்றி, கையைப் பாலில் முக்கி எடுத்து, அந்த மேடையைச் சுற்றிக் கயிறு கட்டினாள். அடுத்து வந்த நாட்களில் யாரையும் கிட்டே விடவில்லை. பெரிய பயிர்ப் பக்கம் கிராம்பு போகாமலும் பார்த்துக்கொண்டாள்.

இலைகள் காட்டிக்கொடுத்தன. கிள்ளிய இடத்தில் மேற்புறம் கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்புப் புள்ளிகள் கூட்டமாக வந்திருந்தன. திருப்பினால் கீழ்ப்புறம் சின்னதாக இன்னொரு கூட்டம். மற்ற இலைகளெல்லாம் பச்சை. அக்கா அதைப் பார்த்துச் சிரித்ததைத் தலைகீழ் பார்த்திருக்கிறார். "அம்மா சிரிச்சு நான் பாத்ததே இல்ல. பாக்காமலே இருந்திருக்கலாம்" என்றார் என்னிடம்.

பூதக்கண்ணாடி வந்து இலையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். யார் கை என்று அக்காவிடம் கேட்கவில்லை. நான்கைந்து புதுச் செடிகளை வெளி முற்றத்து மேசையில் வைத்து, தேநீர் இடைவேளை முடிந்ததும் யாரும் கை கழுவாமல் வரிசையில் வந்து ஆளுக்கு ஓர் இலையை அழுத்திவிட்டுப் போக வேண்டும் என்றார். கைரேகை ஜோசியம் பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் வந்தார்கள். தனக்கு இரண்டாம் கல்யாணம் உண்டா என்று தலைகீழ் இலையிடம் கேட்டார். டிரைவர்கள் வந்தார்கள், கணக்கர் வந்தார், பூதக்கண்ணாடியும் அழுத்தினார். கிராம்பு வரவில்லை. மேலாளரை வரிசையில் நிற்கச் சொல்வது அவமானம் என்று சொல்லி அனுப்பினார். ஜோக்குகள் அதோடு நின்றன. எல்லாரும் அவருடைய அறைக் கதவைப் பார்த்தார்கள். இலைக்கு வேலை மிச்சம்.

அவர் போய்விடுவார் என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் எப்படிப் போவார்? உடல்நிலை காரணமாக என்று சொல்லி மாலை போட்டு அனுப்பிவைக்கக் கம்பெனி தயாராக இருந்தது. ஒரு சிக்கல்தான். அந்தக் கையோடு அவர் பெரிய பயிரையும் தொட்டாரா? தொட்டிருந்தால் நோய் வெளியே தெரிய நாளாகும். அதுவரை காத்திருந்தால் செடி முற்றிவிடும், கவிழ்க்கும் பருவம் போய்விடும். தொட்டிருக்கலாம் என்கிற சந்தேகம் இருந்தாலே பயிரை ஆவியில் அவித்துக் கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டினால் கம்பெனி அவரைச் சும்மா விடாது, வழக்குப் போடும். தொடவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். அவர் சத்தியத்தை யார் கேட்பது? அந்த நேரத்தில் அங்கே இருந்தவள் அக்கா ஒருத்திதான்.

பூதக்கண்ணாடி அவளிடம் கேட்டார். அக்கா, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அந்த அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஷிஃப்ட் மாறும்வரை நேரம் கொடுத்தார்.

தட்டுகள் கழுவும் அறையில் அக்கா தனியாக இருந்தபோது கிராம்பு வந்தார். அன்றுதான் அவர் வாயில் கிராம்பு இல்லை.

"அந்தப் பயிரை நான் தொடலன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"அப்ப சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லணும். முன்னாடி ஒரு பயிர் கருகுச்சே, அது யாரால?"

அவர் ஓடுகிற குழாயை எட்டி மூடினார்.

"அது பழைய கதை. ஒரு பையனை நிறுத்தினோம். அவன் பேரு... வாயில இருக்கு, வர மாட்டேங்குது."

"வராது சார். நான் சொல்றேன்."

அத்தானின் பெயரைச் சொன்னாள். "என் வீட்டுக்காரர்" என்றாள்.

அவர் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். பல்லைப் பற்றி, ரத்த அழுத்தத்தைப் பற்றி, அன்றைக்கு மேலிடத்திலிருந்து வந்த நெருக்கடியைப் பற்றி ஏதேதோ சொன்னார். தன்னால்தான் என்று அன்றே தனக்குத் தெரியும் என்றார். அந்தப் பையன் முன்பு பிடித்தவன் என்பது கைக்கு வசதியாகக் கிடைத்தது. வேறு எங்கேயாவது வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாராம்.

"எனக்கும் குடும்பம் இருக்கும்மா."

"எனக்கும் இருந்துச்சு சார்."

எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"எழுதினா பீரோவுக்குள்ள போயிடும். அவர் பேர் கெட்டது வாயாலதான். நீங்களும் வாயால சொல்லுங்க. ரெண்டு ஷிஃப்ட்டும் சேர்ற நேரத்துல."

"சொல்லலன்னா?"

"எனக்கு ஞாபகம் வராது சார். நீங்க பயிரைத் தொட்டீங்களா இல்லையான்னு."

பின்னாளில் ஒருமுறை அவளிடம் கேட்டேன். அவர் சொல்லாமல் இருந்திருந்தால், உண்மையாகவே அந்தப் பயிரை அவிக்க விட்டிருப்பாயா? நாய் கடித்துக் காத்திருப்பவர்களின் மருந்தல்லவா? எங்கள் தெருப் பிள்ளையை மறந்துவிட்டாயா?

"தெரியல. அவர் சொல்லிட்டார். அதனால நான் யோசிக்க வேண்டி வரல."

இதற்குமேல் அவளிடமிருந்து ஒரு சொல்லும் வாங்க முடியவில்லை. நானும் அவள் இருந்தவரை அதை மறுபடி கேட்கவில்லை. பயிர் பிழைத்தது. தலைகீழ் அதைக் கவிழ்த்தார், குப்பிகள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

கிராம்பு சொன்னதை நான் பார்க்கவில்லை. தலைகீழ் சொல்லித்தான் தெரியும். ஷிஃப்ட் மாறுகிற நேரம், முன்கூடத்தில், உள்ளே போகிறவர்கள் கை நனைக்க நின்றார்கள், வெளியே போகிறவர்கள் மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கிராம்பு நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். சில வருடங்களுக்கு முன் ஒரு பயிரில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று ஆரம்பித்தார். கூட்டத்துக்கு என்ன ஏது என்று புரியவில்லை. அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு அவருக்கு எதிரே நின்றிருந்தாள்.

"யார் செஞ்சாங்கன்னு சொல்லுங்க சார்" என்றாள்.

அவர் சொன்னார். சிகரெட் பிடித்தது நான். அந்தக் கையோடு இலையைத் தொட்டது நான். பயிர் கருகியது என்னால். பழியை வேறு ஒருவர்மேல் போட்டேன். அத்தானின் பெயரைச் சொன்னார். அவர் இங்கே வேலை பார்த்த காலத்தில் புகை பிடிக்கவில்லை, அவர்மேல் எந்த வாசனையும் வரவில்லை, நான் சொன்னது பொய் என்றார். அத்தானோடு இலை அறுத்த இரண்டு பேர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நகர்ந்தார். அக்கா வழிவிடவில்லை.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் இன்னொரு தடவை, முதலிலிருந்து, எதையும் விடாமல் சொன்னார். தலைகீழ் அன்று கடைசி வரிசையில்தான் நின்றிருந்தார். முதல் தடவையே தெளிவாகக் கேட்டதாம்.